கோபித்துக்கொண்ட வீடு

அத்தியாயம் 6

"சார், என் வீட்டைக் கொன்னுட்டாங்க."

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆபீஸுக்குள் நுழைந்தவர் இதைச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்காரவில்லை, விழுந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. மூன்று நாள் தாடி. சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் டெஸ்டர்.

"வீட்ல யாரை?" என்றேன்.

"யாரையும் இல்ல சார். வீட்டை."

"இடிச்சுட்டாங்களா?"

"இடிச்சிருந்தாக்கூடத் தேவலை. நின்னுக்கிட்டிருக்கு. உயிர் மட்டும் இல்ல."

"என்னை சார்னு கூப்பிட்டதுக்கு நன்றி. ஆனா துப்பறியறது அவங்க. டீ வாங்கறது, வண்டி ஓட்டறது, அவங்க கண்டுபிடிச்சதும் அடடான்னு சொல்றது, இது மூணும்தான் என் இலாகா."

எதிர் மேஜையில் என் மனைவி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு அவரை நன்றாகப் பார்த்தாள்.

ஆபீஸில் நான் அவளை பாஸ் என்று கூப்பிடுவேன். அவள் என்னை 'என்னங்க' என்பாள். இதில் முதலாளி யார், வேலையாள் யார் என்று வருகிறவர்களில் பாதிப் பேர் குழம்பிப்போவார்கள். வீட்டுக்குப் போனதும் நாங்களும் குழம்புவோம். அவள் காலமாகி இப்போது மூன்று வருடமாகிறது. குறிப்பெடுத்து வைக்கும் பழக்கம் எங்கள் இருவருக்குமே கிடையாது. எல்லாம் ஞாபகத்திலிருந்து எழுதுவதுதான். யார் எதைச் சொன்னார் என்பதில் அங்கங்கே பிசகியிருக்கலாம். நல்ல வசனமெல்லாம் என் பக்கம் வந்து சேர்ந்திருந்தால் அது மட்டும் தற்செயல் அல்ல.

வந்தவர் ஒரு லிஃப்ட் பராமரிப்புக் கம்பெனியில் பத்தொன்பது வருடமாக சூப்பர்வைசர். ஆபீஸ் விட்டதும் அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் வீட்டைத் தானாக இயங்க வைப்பது. விளக்கு, ஃபேன், வெந்நீர், தண்ணீர் மோட்டார் எல்லாவற்றையும் ஒரு குட்டிக் கம்ப்யூட்டரில் இணைத்து, புரோகிராம் எழுதி, ஈயம் பற்றவைத்து அவரே கட்டியிருந்தார். அதே பைத்தியம் பிடித்தவர்களுக்கு ஒரு சங்கமே இருந்தது. அங்கே அவருக்குப் பெயர் சர்க்யூட்டார்.

"வீட்ல ஒரு சுவிட்ச் கிடையாது மேடம். எல்லாத்தையும் கழட்டிட்டு வெள்ளைத் தகடு போட்டு மூடிட்டேன். சுவிட்ச் இருக்கற வீடு தோத்துப்போன வீடு."

"அப்ப லைட்டு எப்படி எரியும்?" என்றாள் பாஸ்.

"அதுவா எரியும்."

"அணைக்கணும்னா?"

"அதுவா அணையும்."

"உங்க லிஃப்ட்லயும் பட்டன் கிடையாதா? மூஞ்சியைப் பார்த்து மாடியைக் கண்டுபிடிச்சிடுமா?" என்று கேட்டேன். பாஸ் என்னைப் பார்த்தாள். நான் டீ வாங்கும் இலாகாவுக்குத் திரும்பினேன்.

"முதல் வருஷம் கொஞ்சம் தகராறு. அப்புறம் நாலு வருஷம் மேடம். ஒரு குறை கிடையாது. வியாழக்கிழமை காலைல அஞ்சரைக்கு எரிய வேண்டிய லைட்டு எரியல. அவ்வளவுதான். மூணு நாளா ஒத்தை மேஜை விளக்கைத் தூக்கிக்கிட்டு ரூம் ரூமா அலையறோம். இது யார் வேலைன்னு எனக்குத் தெரியும். எனக்கு வேண்டியது ஆதாரம்."

அவர் சொன்ன ஆள் பழைய நண்பர், பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்ச். சங்கத்தை ஆரம்பித்ததே இவர்கள் இரண்டு பேர்தான். பிறகு அந்த நண்பர் ரெடிமேடாக வருகிற சாமான்களை விற்கக் கடை திறந்துவிட்டார். அன்றிலிருந்து சங்கத்தில் அவருக்கு டப்பாக்காரர் என்று பெயர்.

"பிரி, மாட்டு, முடிஞ்சுது! அதுக்குப் பேரு ஆட்டோமேஷனாம். பார்சல் வாங்கித் தட்டுல கொட்டிட்டு நான்தான் சமைச்சேன்னு சொல்ற மாதிரி. வாயில வந்ததைக் கேட்டுட்டேன். அதுலேருந்து அவன் என் வீட்டுப் படி ஏறி நாலு வருஷமாச்சு. பொறாமை மேடம். நெட் வழியா உள்ள பூந்து என் புரோகிராமைத் திருடி வீட்டை நிறுத்திட்டான். ஒரு பில்டர் என் வீட்டைப் பார்த்துட்டு பத்து வீடு கேட்டிருக்காரு. புதன்கிழமை ராத்திரி ராஜினாமா லெட்டர் எழுதிட்டேன். திங்கட்கிழமை குடுக்கப் போறேன்."

"வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியுமா?"

"சர்ப்ரைஸ் மேடம்."

"நான் செஞ்சா அதுக்கு வேற பேரு வைப்பாங்க," என்றேன்.

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்குச் சங்கத்து ஆட்கள் ஆறு பேர் வீட்டைப் பார்க்க வருவதாக இருந்தது. வீடு போய்விட்டதால் நிகழ்ச்சி மாறியிருந்தது. ஆறு பேர் முன்னிலையில் டப்பாக்காரரைத் திருடன் என்று அறிவிப்பது, சங்கத்திலிருந்து தூக்குவது, அப்படியே போலீஸுக்குப் போவது. கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் சங்கத்து ஆட்கள் சொல்லி அனுப்புகிறவர்கள்தான். பெயர் போனால் கடையும் போகும்.

"ஏழு மணி நேரம் இருக்கு," என்று பாஸ் எழுந்தாள். "வீட்டைப் பார்க்கலாம்."

மூன்றாவது மாடி. கதவைத் திறந்த வீட்டம்மா நைட்டிமேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, "வாங்க" என்றார். குரலில் ஒரு அவசரமும் இல்லை. கணவர் வியர்வையில் குளித்துக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்ததும் இரண்டு தம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

சுவரெல்லாம் வெள்ளைத் தகடு. சுவிட்ச் இருந்த இடங்களில் ஒட்டுப் போட்ட மாதிரி. செருப்பு அலமாரியின் மேல் தட்டில் அந்தக் குட்டிக் கம்ப்யூட்டர். பக்கத்தில் வரிசையாக நீலப் பெட்டிகள், ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவு. கம்ப்யூட்டர் உத்தரவு கொடுத்தால் அந்தப் பெட்டி 'டக்'கென்று சத்தம் போட்டு மின்சாரத்தைத் திறந்துவிடும், அதற்குப் பெயர் ரிலே என்று சர்க்யூட்டார் விளக்கினார்.

"முன்னெல்லாம் டக்குனு கேக்கும். ரெண்டு செகண்ட் யோசிக்கும். அப்புறம் எரியும். அந்த யோசிக்கறதுதான் மேடம் விஷயம். நான் எழுதினதைத் தாண்டி அது தானா கத்துக்கிச்சு."

"என்ன கத்துக்கிச்சு?"

"நான் எழுதினது தினமும் அஞ்சரைக்கு லைட்டு. ஆனா ஞாயித்துக்கிழமை ஆறரைக்குத்தான் எரியும். எனக்கு லீவுன்னு அதுக்குத் தெரியும்! எனக்கு ஜலதோஷம் பிடிச்சா ஃபேன் தானா குறையும். எங்க அக்கா வந்தா ஃபேன் ஒண்ணாம் நம்பரைத் தாண்டாது. எத்தனை மணி நேரம் இருந்தாலும் சரி. ஆளை அடையாளம் கண்டுபிடிக்குது!"

"உங்க அக்கா அடிக்கடி வருவாங்களா?"

"முன்னாடி வந்துக்கிட்டிருந்தாங்க."

பாஸ் அவருடைய பதிவேட்டைக் கேட்டாள். கம்ப்யூட்டர் தான் செய்ததையெல்லாம் மணி, நிமிடத்தோடு எழுதி வைத்திருந்தது. அவள் விரலை ஒரு வரியில் வைத்தாள்.

"போன ஞாயித்துக்கிழமை லைட்டு போட்டது அஞ்சரைன்னு எழுதியிருக்கு. எரிஞ்சது ஆறரைங்கறீங்க. நடுவுல ஒரு மணி நேரம் கரண்டு எங்க போயிருந்துச்சு?"

"நடந்து வந்திருக்கும்," என்றேன்.

"அதான் யோசிக்கறது!" என்று சர்க்யூட்டார் என்மேல் பாய்ந்தார். "இதுக்கு முன்னாடியும் மூணு தடவை நின்னிருக்கு. மறுநாள் தானாவே சரியாயிடுச்சு. தன்னைத் தானே குணப்படுத்திக்கற வீடு!"

அந்த மூன்று தேதிகளை பாஸ் உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். காகிதத்தை நான் தொலைத்துவிடுவேன் என்பது அவளுக்குத் தெரியும்.

"தகட்டைக் கழட்டி உள்ள பார்த்தீங்களா?"

"எதுக்கு? என் வயரிங்ல தப்பு வராது மேடம். நானே முறுக்கினது. மூணு நாளா புரோகிராமைத்தான் வரி வரியாப் படிக்கறேன். நாலாயிரம் வரி. மூவாயிரத்து நூறு வரைக்கும் வந்துட்டேன்."

லேப்டாப்புக்குள் அவர் திரும்ப முழுகியதும் பாஸ் கண்ணைக் காட்டினாள். படுக்கையறைச் சுவரில் ஒரு தகட்டை நான் கழற்றினேன். உள்ளே நீலப் பெட்டியிலிருந்து வந்த வயர் வெட்டப்பட்டு, நுனியில் இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தது. விளக்குக்குப் போகிற வயரில் பெருவிரல் அளவு ஒரு வெள்ளை டப்பா.

"ஆதாரம் கிடைச்சாச்சு," என்றேன். "அவரு மூணு நாளாத் தேடறாரு. நமக்கு ரெண்டு ஸ்க்ரூ."

"டேப்போட நுனியைப் பாருங்க."

நுனி உள்பக்கமாக ஒரு சிட்டிகை மடிக்கப்பட்டிருந்தது.

"அலமாரில அவர் ஒட்டின டேப்பைப் பார்த்தேன். நகம் வச்சுச் சுரண்டினாலும் வராது, அப்படி ஒட்டியிருக்காரு. இது வேற கை." விரலால் டேப்பைத் தடவி என் மூக்குக்கு நேரே நீட்டினாள். விரல் நுனி சாம்பல் நிறமாகியிருந்தது. "மூடிப்போடுங்க."

கிளம்பும்போது பால்கனிக் கொடியை ஒரு நிமிடம் நின்று பார்த்தாள். நான்கு நைட்டிகள் காய்ந்துகொண்டிருந்தன.

"பாக்கெட் வச்ச நைட்டியா இருக்கே. எங்க வாங்கினீங்க அக்கா?"

"கடைல ஏது? நானே வச்சுத் தச்சுக்கிட்டேன்," என்றார் வீட்டம்மா.

இரண்டு பேரும் துணியைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினார்கள். மணியைப் பார்த்தபடி நான் படிக்கட்டில் நின்றேன்.

டப்பாக்காரரின் கடை சின்னது, ஆனால் பளிச்சென்று இருந்தது. ஒரு வயதான தம்பதிக்கு எதையோ காட்டிக்கொண்டிருந்தார். பொறுமையான மனிதர். ஒரே கேள்விக்கு நான்கு தடவை பதில் சொன்னார், நான்கு தடவையும் புதிதாகக் கேட்ட மாதிரி.

அவர்கள் போனதும், "வாங்கறவங்க முதல்ல கேக்கறது என்ன தெரியுமா மேடம்? கெட்டுப்போச்சுன்னா யாரைக் கூப்பிடறது? எங்க சங்கத்து ஆளுங்க முதல்ல கேக்கறது, உள்ள என்ன இருக்கு? ரெண்டு கூட்டமும் ஒரே நேரத்துல கடைக்குள்ள வந்தா நான் பின்பக்கமா ஓடிடுவேன்," என்றார். பேசிக்கொண்டே ஒரு வயர் நுனியில் டேப் சுற்றினார். கடைசியில் நுனியை உள்பக்கமாக ஒரு சிட்டிகை மடித்தார்.

நான் பாஸைப் பார்த்தேன். அவள் முன்பே பார்த்துவிட்டிருந்தாள்.

"ஏன் மடிக்கறீங்க?"

"நாளைக்கு வேற யாராவது பிரிக்கணும்னா நகம் உடையக் கூடாதில்ல? தன் வீட்டுக்கு மட்டும் செய்யறவன் மடிக்க மாட்டான். அவனைத் தவிர யாரு பிரிக்கப்போறாங்க?"

"உங்க ஃப்ரெண்டு வீட்டுச் சுவத்துக்குள்ள மடிச்ச நுனி இருக்கே."

அவர் கையிலிருந்த டேப் உருண்டு மேஜைக்கடியில் போனது. குனிந்து எடுக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டார். எழுந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"அவன் பார்த்துட்டானா?"

"இன்னும் இல்ல. சாயங்காலம் அஞ்சு மணிக்கு உங்களைத் திருடன்னு சொல்லப்போறாரு. சங்கம், போலீஸ் எல்லாம் வரும். எப்ப மாட்டினீங்க?"

"சொல்ல முடியாது மேடம்."

"எதுக்கு மாட்டினீங்க?"

"அதுவும் முடியாது. ஒருத்தருக்கு வாக்கு குடுத்திருக்கேன்."

"கடை போயிடும் சார்," என்றேன். இந்த முறை வேடிக்கையாக எதுவும் எனக்கு வரவில்லை.

"போனா போகட்டும். வாக்காச்சே."

பாஸ் அவரை மேலே நெருக்கவில்லை. கண்ணாடி அலமாரியில் அதே மாதிரி வெள்ளை டப்பாக்களுக்குப் பக்கத்திலிருந்த, எட்டுப் பட்டன் வைத்த ஒரு சின்ன ரிமோட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்து மூடினாள். கைக்குள் காணாமல் போயிற்று. பிறகு புடவை மடிப்பில் அதை வைக்க ஓர் இடம் தேடினாள், கிடைக்கவில்லை. சிரித்துக்கொண்டே திருப்பி வைத்துவிட்டாள்.

"அஞ்சு மணிக்கு நீங்களும் அங்க வாங்க. வாசல்ல நில்லுங்க போதும்," என்றாள்.

வண்டியில் நான் பொரிந்து தள்ளினேன். "திருடனையே விருந்துக்குக் கூப்பிடறீங்களே பாஸ்! மாட்டினதை அவரே ஒத்துக்கிட்டாரு."

"மாட்டினாரு. ஆனா அந்த டேப்ல இருந்தது மூணு நாள் தூசியா? நாலு வருஷத் தூசி. நாலு வருஷமா அந்த வீட்ல நீலப் பெட்டிக்கும் லைட்டுக்கும் சம்பந்தமே கிடையாது. அந்த வெள்ளை டப்பாதான் லைட்டைப் போட்டுக்கிட்டிருக்கு."

"யாரு சொல்லி?"

அவள் வேறொன்று கேட்டாள். "என்னங்க, ஞாயித்துக்கிழமை உங்களை யாரு எழுப்பறது?"

"யாரும் இல்ல. ஏழு மணிக்குத் தானா முழிப்பு வரும்."

"தானாவா?" பின் சீட்டிலிருந்து சிரித்தாள். "நம்ம ரூம் ஜன்னல் திரையை ஏழு மணி வரைக்கும் இழுத்து மூடி வைக்கறது யாரு?"

சிக்னலில் பச்சை விழுந்ததை நான் கவனிக்கவில்லை. பின்னாலிருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஐந்தரைக்கே முழிப்பு வந்துவிடுகிறது.

நாலரை மணிக்கு வீட்டம்மாவின் சமையலறையில் நின்றோம். ஹாலில் சர்க்யூட்டார் மூவாயிரத்து எண்ணூறாவது வரியில் இருந்தார். பாஸ் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு உள்ளங்கையை விரித்தாள்.

"அக்கா, மூணு தேதி சொல்றேன். அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா பாருங்க. மார்ச் பத்து."

"இவர் தன் அக்கா முன்னாடி என்னைப் பார்த்து, உனக்கென்ன தெரியும், வாயை மூடுன்னு சொன்ன நாள்." யோசிக்கவே இல்லை.

"ஜூலை இருபத்திரண்டு."

"எங்க கல்யாண நாளைக்கு சங்கத்து மீட்டிங்குக்குப் போன நாள்."

"நவம்பர் அஞ்சு."

"அன்னைக்கு..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். பாஸ் உள்ளங்கையை நீட்டியபடியே நின்றாள். வீட்டம்மா அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நைட்டியின் வலப்பக்கப் பையில் கைவிட்டு அந்த ரிமோட்டை எடுத்து அடுப்பு மேடையில் வைத்தார். பட்டன்களில் எண்கள் தேய்ந்தே போயிருந்தன.

"அடடா," என்றேன். என் இலாகா.

"அவர் மாட்டின புதுசுல பாத்ரூம்ல அசையாம உட்கார்ந்தா லைட்டு அணைஞ்சிடும் தங்கச்சி. இருட்டுல கையை ஆட்டிக்கிட்டு உட்காரணும். பால் பொங்கற நேரத்துக்கு அடுப்படி இருண்டுடும். சுவிட்ச் இல்ல, போன்ல போடணும்னாலும் அவர் போன்ல மட்டும்தான். ஒரு லைட்டு போட அவர் ஆபீஸுக்கு போன் பண்ணுவேன், அவர் ஏதாவது லிஃப்ட்டுக்கடியில இருப்பாரு. சொன்னா, அடுத்த வாரம் சரியாயிடும்பாரு. ஒரு வருஷம் பார்த்தேன். அப்புறம் அவர் ஆபீஸ் போனதும் அந்தத் தம்பியைக் கூப்பிட்டு இதை மாட்டச் சொன்னேன். யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு வாக்கு வாங்கிக்கிட்டேன்."

"அவர் வீட்ல இருக்கறப்ப?"

"நீலப் பெட்டி டக்குனு கத்தும். அதான் எனக்கு மணி. எங்க இருந்தாலும் பாக்கெட்டைத் தட்டுவேன். மனுஷி ரெண்டு செகண்ட் எடுக்க மாட்டாளா? அதுக்கு யோசிக்குதுன்னு பேரு வச்சாரு. அவ்வளவு சந்தோஷம் அவருக்கு. ஞாயித்துக்கிழமை பாவம் தூங்கட்டும்னு விட்டேன். அதுக்கும் ஒரு கட்டுரை எழுதிட்டாரு."

"வெளியூர் போனா?"

"எங்க போனேன்? நாலு வருஷமா எங்கம்மா வீட்ல ஒரு ராத்திரி தங்கல."

ஹாலில் 'டக்' என்றது. வீட்டம்மாவின் கை தன்னிச்சையாக மேடைக்குப் போய், பாதியில் நின்றது.

"வியாழக்கிழமை விடியக்காலைல அஞ்சு மணிக்குத் துணி ஊற வைக்கறதுக்கு முன்னாடி பாக்கெட்டைப் பார்த்தேன். லெட்டர் இருந்துச்சு. பத்து வீடு கட்டப்போறாராம். பத்து வீட்டுக்கும் நான் எங்க போய் பட்டன் அமுக்குவேன்?"

"நேரா சொல்லிடலாமே?" என்றேன்.

"என்னன்னு? நாலு வருஷமா உங்க மூளை என் பாக்கெட்ல இருக்குன்னா?" அவர் கண் கலங்கியது. "நின்னுபோனா அவரே பயந்து வேலையை விடாம இருப்பாருன்னு நினைச்சேன். துப்பறியறவங்களைத் தேடுவாருன்னு நினைக்கல."

"அவர் உங்களைத் தேடல அக்கா. அந்தத் தம்பியைத் தேடறாரு. இன்னும் இருபது நிமிஷத்துல ஆறு பேர் முன்னாடி திருடன்னு சொல்லப்போறாரு. உங்களுக்குத் தெரியாதா?"

"ஐயோ!" அவர் மேடையைப் பிடித்துக்கொண்டார். "அந்தப் பிள்ளை வாயைத் திறக்க மாட்டானே! நான் போய்ச் சொல்றேன். ஆனா அத்தனை பேர் முன்னாடி சொன்னா இவர் உடைஞ்சு போயிடுவாரே..."

பாஸ் ரிமோட்டை எடுத்துத் திரும்ப அவர் பையில் போட்டாள்.

"நீங்க சொல்ல வேண்டாம். வீடு சொல்லட்டும்."

ஐந்து மணிக்கு ஹாலில் ஆறு சங்கத்தார், ஆறு பிளாஸ்டிக் நாற்காலி. ஜன்னல்களில் திரை இழுத்துவிட்டு, நடுவில் மேஜை விளக்கு. டப்பாக்காரர் சொன்னபடி வாசலில், நிலைப்படிக்கு வெளியே செருப்போடு நின்றார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. வீட்டம்மா சமையலறை வாசலில் இடது கையில் பிஸ்கட் தட்டோடு நின்றார். வலது கை பையில்.

சர்க்யூட்டார் சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். "பத்தொன்பது வருஷ வேலையை விடறதுக்கு எழுதின லெட்டர் இது. அப்படிப்பட்ட ஒரு வீட்டை ஒருத்தன்..."

"ஒரு நிமிஷம்," என்றாள் பாஸ். "குற்றம் சொல்றதுக்கு முன்னாடி பாதிக்கப்பட்டவரை விசாரிக்கணும்."

"பாதிக்கப்பட்டவன் நான்தான் மேடம்!"

"இல்ல. வீடு." அவள் ஹால் விளக்கை நிமிர்ந்து பார்த்தாள். "யோசிக்கற வீடுன்னா கேட்டா பதில் சொல்லும். ஆமான்னா ஒரு தடவை எரியணும். இல்லைன்னா ரெண்டு தடவை. வியாழக்கிழமை உன்னை நிறுத்தினது வாசல்ல நிக்கற இவரா?"

ஒரு சங்கத்தார் சிரிக்க ஆரம்பித்தார். விளக்கு எரிந்து அணைந்தது. திரும்ப எரிந்து அணைந்தது. சிரித்தவர் வாயிலிருந்த பிஸ்கட் கீழே விழுந்தது.

"இதை நான் எழுதவே இல்லையே!" என்றார் சர்க்யூட்டார்.

"தானா கத்துக்கிச்சு!" என்று சங்கச் செயலாளர் எழுந்தே விட்டார். "என்ன சிப் போட்டிருக்கீங்க?"

சர்க்யூட்டார் விளக்கின் அடியில் போய் நின்றார். "என் புரோகிராம்ல தப்பா?"

விளக்கு வெகுநேரம் பேசாமல் இருந்தது. பிறகு மெல்ல இரண்டு தடவை எரிந்தது. எவ்வளவு யோசித்துச் சொல்லப்பட்ட பொய் அது என்று அந்த அறையில் நான்கு பேருக்குத்தான் தெரியும்.

"பார்த்தீங்களா!" அவர் குதித்தார். "இப்படி ஒரு வீட்டை வச்சுக்கிட்டு நான் லிஃப்ட்டுக்குக் கிரீஸ் போட்டுக்கிட்டிருக்கணுமா? திங்கட்கிழமை வேலையை விட்டுடட்டுமா?"

இரண்டு தடவை.

"சரியா கேக்கலையோ? விடட்டுமா?"

இரண்டு. இரண்டு. இரண்டு. பல்ப் வெடித்துவிடும் போலிருந்தது.

"லூப்ல மாட்டிக்கிச்சு, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லுது," என்றார் ஒருவர்.

சர்க்யூட்டார் அசையவில்லை. நெற்றியில் வியர்வை வழிந்தது. நாலாயிரம் வரியைப் படித்தவர் இப்போதுதான் முதல் வரிக்கு வந்தார் போல.

"இந்த லெட்டரு உனக்கு வியாழக்கிழமையே தெரியுமா?"

ஒரு தடவை.

"என் சட்டைப் பாக்கெட்ல பார்த்தியா?"

ஒரு தடவை.

அவர் குரல் இறங்கிவிட்டது. "எங்க அக்கா வந்தா ஃபேன் ஏறாதே. அது... வேணும்னேதானா?"

கேள்வி முடிவதற்குள் விளக்கு எரிந்தது. அந்த ஒரு கேள்விக்குத்தான் அது யோசிக்கவே இல்லை.

அவர் காது சிவந்ததைப் பார்த்தேன். சமையலறைப் பக்கம் அவர் திரும்பவில்லை. விளக்கையே பார்த்துக்கொண்டு, "நாலு வருஷமாவா?" என்றார். அது எரிந்து, கொஞ்சம் அதிக நேரம் நின்று, அணைந்தது.

எனக்குப் பக்கத்தில் பாஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இதற்கு மேல் அவளிடம் திட்டம் எதுவும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

சர்க்யூட்டார் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"யாரும் எதையும் திருடல. தப்பு என் வயரிங்லதான்."

ஆறு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தச் சங்கத்தில் இதுவரை யாரும் சொல்லாத வாக்கியம் அது.

"உள்ள வாடா," என்றார் வாசலைப் பார்த்து, பக்கத்துச் சுவரின் வெள்ளைத் தகட்டைத் தட்டியபடி. "உன் டப்பாவுக்கு எத்தனை வருஷம் கேரண்டி?"

"ஒரு வருஷம்," என்று டப்பாக்காரர் செருப்பைக் கழற்றினார்.

"பரவாயில்லையே. நல்லாத்தான் உழைச்சிருக்கு."

"டப்பாவா உழைச்சுது?" என்றார் டப்பாக்காரர்.

சர்க்யூட்டார் மறுபடி விளக்கைப் பார்த்தார். அங்கே கேட்டால் எங்கே போய்ச் சேரும் என்று இப்போது அவருக்குத் தெரியும். "நாளைக்கு எல்லாச் சுவத்துலயும் சுவிட்ச் வச்சிடறேன். நீ உங்கம்மா வீட்டுக்குப் போயிட்டு வா. நான் திங்கட்கிழமை வேலைக்குப் போறேன். சரியா?"

விளக்கு எரியவில்லை. ஒரு முறைகூட எரியவில்லை. அவர் முகம் மெல்ல விழ ஆரம்பித்தபோது தலைக்கு மேலே ஏதோ முனகியது. மூன்று நாளாக நின்றிருந்த ஃபேன் ஒரு சுற்று சுற்றி, இரண்டு சுற்று சுற்றி, ஒன்றாம் நம்பரைத் தாண்டி, மூன்றைத் தாண்டி, ஐந்துக்குப் போய்க் காற்றை அள்ளிக் கொட்டியது. மேஜைமேல் இருந்த கடிதம் எழும்பிப் பறந்து சோபாவுக்கடியில் போயிற்று.

சங்கச் செயலாளர் அதை எடுக்கக் குனிந்தார். பாஸ் வீட்டம்மாவின் கையிலிருந்த பிஸ்கட் தட்டை வாங்கி செயலாளர் கையில் கொடுத்து நிமிர வைத்தாள். வேறு யாரும் குனியவில்லை.